அழுகண்ணிய மலையில தேடிப் பாக்குறது எப்படி

ஊட்டி கொடைக்கானல்னு பத்து இருபது தடவ போயிட்டு வந்தவங்ககிட்ட கூட பூச்சி புடிக்குற அழுகண்ணிச் செடிய பாத்திருக்கீங்களான்னு கேட்டா, அப்படி ஒரு செடியான்னு தான் திருப்பி கேக்குறாங்க. அது ஒண்ணும் யாரும் போக முடியாத எடத்துல மட்டும் இருக்குற செடி இல்லங்க, சில எடத்துல ரோட்டுக்காக மலைய வெட்டி விட்ட ஈர மண்ணுலயே நிக்கும். ஆனா உசரம் ஒரு சாண், மிஞ்சிப்போனா ஒன்றரை சாண், புல்லோட புல்லா நிக்கும், பூவு சட்ட பட்டன் அளவு தான், அதுவும் வெயில் அடிச்சா தான் திறக்கும். கார்ல போறவங்களுக்கு மட்டுமில்ல, நடந்து போறவங்களுக்கும் கண்ணுல படாது. நானே மூணு வருஷம் மழ முடியுற நேரமா பாத்து நீலகிரிக்கு போயி வெறுங்கையோட திரும்பி வந்தேன், நாலாவது தடவ கூட வந்த வாட்சர் அண்ணன் தான் சட்டுன்னு கைய நீட்டி "தம்பி அந்தக் காலக் கீழ வைக்காதீங்க"ன்னாரு. நான் குனிஞ்சு பாத்தா என் ஷூவுக்கு நாலு விரக்கட தள்ளி பதினஞ்சு இருபது செடி, எலை பூரா செவப்பா கண்ணாடித் துளி. அன்னிக்கு அங்கயே ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் பத்து வருஷமா வருஷத்துக்கு ஒரு தடவையாவது அதுக்குன்னே போறேன். அந்த மூணு வருஷத்துல என்ன தப்பு பண்ணேன்னு இப்ப தெரியுது, அதத்தான் இதுல எழுதுறேன்.

முதல்ல பேர சொல்லிடுறேன். தாவரவியல்ல இதுக்கு ட்ரோசிரா பெல்டாட்டான்னு பேரு. ட்ரோசிராங்கறது பனித்துளிங்கற அர்த்தம் வர்ற கிரேக்க வார்த்தையிலருந்து வந்தது, பெல்டாங்கறது லத்தீன்ல சின்ன கேடயம். நம்ம நாட்டுல இருக்குற செடிய சிலபேரு ட்ரோசிரா லூனாட்டான்னு தனியா பிரிச்சு எழுதுறாங்க, லூனான்னா நிலா, எலை பிறைநிலா மாதிரி இருக்கறதால. நீங்க எந்தப் பேர்ல தேடுனாலும் சரி. நம்ம சித்த வைத்தியத்துல அழுகண்ணி தொழுகண்ணின்னு ரெண்டையும் ஜோடியா சொல்லுவாங்க, தொழுகண்ணிக்கு பக்கத்து சின்ன எலைங்க தானா மேலயும் கீழயும் அசையும், கை கூப்புற மாதிரி, அது வேற குடும்பத்து செடி. அழுகண்ணிக்கு எலையில எப்பவும் கண்ணீர் கோத்து நிக்கும். அந்தப் பேரு சமவெளியில இருக்குற இதோட சொந்தக்காரச் செடிகளுக்கு தான் பெரும்பாலும் சொல்றது, ஆனா மலையில இருக்குறதும் அதே ட்ரோசிரா குடும்பம் தான், அதே கண்ணீர் தான், அதனால நான் அப்படியே கூப்புடுறேன்.

எப்ப போறது

இதுல தான் நிறைய பேரு கோட்ட விடுறாங்க. மே மாசம் ஊட்டி சீசன்ல போயி தேடுனா மண்ணுக்கு மேல செடியே இருக்காது. அழுகண்ணி ஒரு கிழங்குச் செடிங்க, பட்டாணி அளவுல ஒரு கிழங்கு மண்ணுக்குள்ள இருக்கும், காஞ்ச காலம் முழுக்க அது உள்ளயே தூங்கும். நீலகிரியில டிசம்பர் ஜனவரில உறைபனி விழுந்து புல்லெல்லாம் கருகிப் போகுதே, பிப்ரவரி மார்ச்ல சில வருஷம் தீயும் புடிக்குதே, அப்ப இதுக்கு ஒண்ணும் ஆகாது, மேல எதுவும் இல்லயே கருகறதுக்கு. தென்மேற்குப் பருவமழ புடிச்சு மண்ணு நல்லா ஊறுனதும் முதல்ல தரையோட ஒட்டுன மாதிரி ஒரு சின்ன எலை வட்டம் வரும், காசு அளவுல, அப்புறம் அதோட நடுவுலருந்து தண்டு நிமிந்து மேல போகும், தண்டு வளர வளர கீழ இருந்த அந்த வட்டம் காஞ்சு காணாமப் போயிடும். பூவோட பாக்கணும்னா மழ கொஞ்சம் ஓஞ்சு வெயில் எட்டிப்பாக்க ஆரம்பிக்குற நேரம் தான் சரி, நான் ஆகஸ்ட் கடைசியிலருந்து அக்டோபர் வரைக்கும்னு கணக்கு வச்சுக்குவேன். ஜூலைல போனீங்கன்னா செடி இருக்கும், மஞ்சு மூடிக்கிட்டு அஞ்சடி தூரம் தெரியாது, பூவு மொட்டாவே நிக்கும்.

நேரமும் முக்கியம். எல்லாரும் விடிகாலைல போகச் சொல்லுவாங்க, நான் வேண்டாம்னு சொல்லுவேன். விடிகாலைல ஒவ்வொரு புல்லு நுனியிலயும் பனித்துளி இருக்கும், மலை முழுக்க மினுங்கும், அதுல அழுகண்ணிய எப்படி தனியா கண்டுபுடிப்பீங்க. பத்து மணி பத்தரைக்கு மேல போங்க. புல்லுல இருந்த பனியெல்லாம் காஞ்சிருக்கும், அப்பவும் ஒரு செடி மட்டும் துளித்துளியா மினுங்கிக்கிட்டு இருந்தா அது தான். அது தண்ணி இல்ல, பிசின் மாதிரி பசையா ஊறி நிக்குறது, வெயில்ல சாதாரணமா காயாது. என்னோட மூணு வருஷமும் வீணாப்போனது இந்த ஒரு விஷயம் தெரியாம தான், காலைல ஆறு மணிக்கு போயி ஒம்பது மணிக்கெல்லாம் திரும்பிடுவேன். பூவு திறக்குறதும் வெயில் ஏறுன பிறகு தான், சில மணி நேரம் தான் திறந்திருக்கும், மேகம் மூடிட்டா அன்னிக்கு திறக்காமலே போனாலும் போயிடும்.

எந்த எடத்துல தேடுறது

நீலகிரி, பழனிமலை, ஆனைமலை, மூணாறு பக்கத்து மலைங்கன்னு மேற்குத்தொடர்ச்சி மலையோட உசரமான புல்வெளில எல்லாம் இருக்கு, இமயமலைச் சரிவுகள்லயும் இருக்கு. நம்ம பக்கம் ஆயிரத்து ஐநூறு மீட்டருக்கு மேல தேடுனா தான் வாய்ப்பு ஜாஸ்தி, ஊட்டி டவுனே 2240 மீட்டர்ல இருக்கு, தொட்டபெட்டா 2637 மீட்டர், அதனால உசரம் ஒரு பிரச்சனையே இல்ல. எந்த மலைங்கறத விட அந்த மலையில எந்த மண்ணுங்கறது தான் விஷயம்.

மண்ண படிக்கத் தெரியணும்ங்க. இந்தச் செடிக்கு மூணு வேணும், எப்பவும் ஈரம், நல்ல வெயில், அப்புறம் சத்தில்லாத மண்ணு. மூணாவது தான் ஆச்சரியம். மேல் மலையில மழ கொட்டி கொட்டி மண்ணுல இருக்குற சத்தெல்லாம் கழுவிக்கிட்டு போயிடும், புளிப்பு மண்ணு, நைட்ரஜன் ரொம்ப கம்மி, மத்த செடிங்க அங்க தழைய முடியாது. அழுகண்ணி அங்க தான் வாழும், ஏன்னா அது பூச்சி புடிச்சு அந்தக் குறைய சரி பண்ணிக்குது. சோறு அதுக்கும் வெயில்லருந்து தான், எலை பச்சையா தான இருக்கு, உப்பு புளி மட்டும் பூச்சிகிட்டருந்து எடுத்துக்குதுன்னு வச்சுக்கோங்க. அதே மண்ணுல நல்லா உரம் போட்டு வளமாக்கிட்டா சந்தோஷமா வளரும்னு நெனைக்காதீங்க, உரம் வந்தா புல்லும் களையும் மளமளன்னு ஏறி இத மூடிடும், நெழல்ல இது நிக்காது. அதனால புல்லு இடுப்பளவு வளந்த எடம், தேயிலத் தோட்டம், காய்கறித் தோட்டத்துக்கு கீழ தண்ணி வடியுற எடம், சீகை மரக் காடு (வாட்டில்னு சொல்ற வெளிநாட்டு மரம், சீகைக்காய் இல்ல), யூக்கலிப்டஸ் காடு, இதெல்லாம் பாக்கவே வேண்டாம்.

பாக்க வேண்டியது, சரிவுல தண்ணி மெதுவா கசியுற எடம். ஓடையே இல்ல, கால வச்சா சதக்குன்னு ஒரு சத்தம் வரும், அவ்ளோ தான். புல்லு கணுக்கால் அளவுக்கு கட்டையா இருக்கும், நடுநடுவுல கருப்பு மண்ணோ பாசியோ வெளிய தெரியும். அந்த மாதிரி எடம் கெடச்சதும் நேரா அழுகண்ணிய தேடாதீங்க, அதோட கூட்டாளிங்கள தேடுங்க, அது சுலபம். ஒண்ணு எரியோகாலான், குச்சி நட்டு வச்ச மாதிரி தண்டு, நுனியில வெள்ளையா ஒரு பட்டன், கூட்டங்கூட்டமா நிக்கும், தூரத்துலருந்தே தெரியும். ரெண்டாவது யூட்ரிகுலேரியா, சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத ஊதாப்பூ, அதுவும் பூச்சி புடிக்குற செடி தான், ஆனா மண்ணுக்குள்ள தண்ணியில சின்னச் சின்ன பை வச்சு புடிக்கும். இது ரெண்டும் சேந்து இருந்தா மண்ணு ஈரமா இருக்கு, சத்து கம்மியா இருக்கு, வெயிலும் விழுதுன்னு மூணுக்கும் சாட்சி. அங்க நின்னு, நகராம, மொதல்ல உங்க காலச் சுத்தி ஒரு மீட்டர் பாருங்க, அப்புறம் அடுத்த மீட்டர். ரோட்டோரமா மலைய வெட்டின மண்சுவத்துல தண்ணி கசிஞ்சு பாசி புடிச்சிருந்தா அதையும் விடாதீங்க, முழங்கால் மடக்க முடியாத வயசானவங்க கூட நின்னபடியே கண்ணுக்கு நேரா பாக்கலாம், எங்கம்மாவுக்கு நான் காட்டுனது அப்படி தான்.

போற முன்னாடி சில நடைமுறை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாசத்துலருந்து இ-பாஸ் வேணும், அத ஆன்லைன்ல எடுத்துக்கோங்க. அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்தி பக்கமெல்லாம் வனத்துறை அனுமதி இல்லாம உள்ள போகக்கூடாது, போனா கேஸ் தான், காட்டுமாடும் யானையும் திரியுற எடம் வேற. வனத்துறை 2024ல ட்ரெக் தமிழ்நாடுன்னு 40 பாதைய திறந்துவிட்டாங்க, அதுல நீலகிரி பாதைகளும் இருக்கு, கூட ஊர்க்காரங்களே கைடா வருவாங்க, தேடி அலையுறத விட அது நல்ல வழி, கைடுகிட்ட முன்னாடியே இந்தச் செடி தான் பாக்கணும்னு சொல்லி வச்சுடுங்க. நீலகிரியில தோடர் மந்துக்கு, அதாவது தோடர் பழங்குடி மக்களோட குடியிருப்புக்கு, பக்கத்துல இருக்குற புல்வெளின்னா கேட்டுட்டு தான் இறங்கணும், அவங்க எருமை மேயுற எடம், அவங்க கும்புடுற எடமும் கூட.

அட்டை கடிக்கும். அதுக்கு எல்லாரும் உப்பு பொட்டலத்த எடுத்துட்டு வந்து கால்ல தேச்சு தரையிலயும் தூவுவாங்க, இந்த எடத்துல தயவுசெஞ்சு அத பண்ணாதீங்க. சத்தும் உப்பும் இல்லாத மண்ணுல பழகுன வேரு அது, அந்தக் கசிவுல நீங்க போடுற உப்பு கரைஞ்சு நேரா கிழங்குக்கு போகும். அட்டை சாக்ஸ் முழங்கால் வரைக்கும் வர்றது வாங்கிக்கோங்க, போதும்.

கிட்டக்க எப்படி பாக்குறது

கண்டுபுடிச்சாச்சுன்னு வைங்க, ஒடனே போன எடுக்காதீங்க. முதல்ல உக்கார எடம் பாருங்க, பாறை இருந்தா பாறை மேல, இல்லன்னா ஏற்கனவே மிதிபட்ட தடத்துல, ஒரு சாக்கு துண்டோ ரப்பர் ஷீட்டோ விரிச்சு. உங்க முட்டிக்கு அடியிலயும் நாலு செடி இருக்கலாம், அந்த ரோஜாப்பூ மாதிரி சின்ன எலை வட்டத்துல இருக்குற குட்டிங்க இன்னும் நிமிராம இருக்கும், அதெல்லாம் அடுத்த வருஷத்துச் செடி.

ஒரு பூதக்கண்ணாடி கொண்டு போங்க, கடையில பத்து மடங்கு பெருசா காட்டுற சின்ன லென்ஸ் கெடைக்கும், அத கண்ணோட ஒட்டி வச்சுட்டு உங்க தலைய செடிகிட்ட கொண்டு போகணும், லென்ஸ செடிகிட்ட நீட்டிட்டு தூரத்துலருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. எலைய பாருங்க. நூல் மாதிரி காம்பு, அது எலையோட ஓரத்துல சேராம நடுமுதுகுல வந்து சேரும், குடைக்கு கம்பி இருக்குற மாதிரி, அதனால தான் கேடயம்னு பேரு. எலை பிறை மாதிரி, மேல ரெண்டு முனை கொம்பாட்டம் நீட்டிக்கிட்டு இருக்கும். எலை பூரா முடி, ஒவ்வொரு முடி நுனியிலயும் செவப்பா ஒரு குண்டூசித் தலை, அதச் சுத்தி கண்ணாடி மாதிரி ஒரு துளி. ஓரத்து முடிங்க நீளம், நடுவுல இருக்கறது குட்டை. சூரியன் செடிக்கு அந்தப் பக்கம் இருக்குற மாதிரி உக்காந்து பாத்தா ஒவ்வொரு துளிக்குள்ளயும் தலைகீழா ஒரு மலை தெரியும். நான் இத எத்தன பேருக்கு காட்டியிருக்கேன், ஒருத்தர் கூட பேசாம இருந்ததில்ல, ஐயோன்னு ஒரு சத்தம் வந்துடும்.

பூச்சி ஒட்டியிருக்கும், தேடிப் பாருங்க. பெரும்பாலும் கொசு அளவுல உள்ள சின்ன ஈ. ஒட்டுன பூச்சி உதற உதற பக்கத்து முடிங்க மெதுவா அது பக்கம் சாஞ்சு வரும், நிமிஷக்கணக்குல ஆகும், எலையே கைய மூடுற மாதிரி மடியுறதுக்கு இன்னும் நேரம் ஆகும். அப்புறம் அந்த முடிங்க சுரக்குற திரவம் பூச்சிய கரைக்கும், நம்ம வயித்துல நடக்குற அதே வேலை. கடைசியில எலை திறக்கும்போது வெறும் கூடு மட்டும் காஞ்சு காத்துல பறக்கும்.

மழ பெய்யுற மலையில ஒவ்வொரு மழத்துளிக்கும் எலை மூடிக்கிட்டா என்ன ஆகும்னு எனக்கு ரொம்ப நாள் யோசனை. இத டார்வினே சோதிச்சு பாத்திருக்காரு. அவரு 1860 கோடைல இங்கிலாந்துல சசெக்ஸ் பக்கத்து பொட்டல் காட்டுல இதோட இன்னொரு சொந்தக்காரச் செடிய பாத்தாரு, எலைல எவ்ளோ பூச்சி ஒட்டியிருக்குன்னு பாத்து அசந்துபோயி, 15 வருஷம் கழிச்சு 1875ல அத பத்தி ஒரு முழு புத்தகமே போட்டாரு. இறைச்சி, முட்ட வெள்ளக்கருன்னு வச்சா எலை நல்லா மடிஞ்சு ரொம்ப நேரம் மூடியே இருந்துச்சு, கண்ணாடித் துண்டு மாதிரி சத்தில்லாதது வச்சா சீக்கிரம் திறந்துக்கிச்சு, தண்ணித் துளிய மேலருந்து சொட்ட விட்டா அசையவே இல்ல. ஆனா ஒரு மில்லிகிராம்ல ஆயிரத்துல ஒரு பங்கு கூட எடை இல்லாத தலைமுடித் துண்டுக்கு முடி வளைஞ்சுது. மழைக்கு அசையாது, கொசுவோட காலுக்கு அசையும். இத படிச்சுட்டு மழ தூறும்போது போயி உக்காந்து பாருங்க, வேற மாதிரி தெரியும்.

விரல வச்சு தொட்டு பாக்கலாமான்னு கேப்பீங்க. வேண்டாம். துளி உங்க விரல்ல ஒட்டிக்கிட்டு வந்துடும், அத மறுபடி சுரக்க அதுக்கு செலவு, போதாக்கொறைக்கு உங்க கையில இருக்குற சன்ஸ்க்ரீன், கொசு மருந்தெல்லாம் எலையில ஏறும். பூச்சி புடிச்சு ஊட்டவும் வேண்டாம், குழந்தைங்க ஆசப்படுவாங்க, எறும்ப புடிச்சு போட சொல்லுவாங்க, அதுக்கு பதிலா ஏற்கனவே ஒட்டியிருக்குற எலைங்கள எண்ணச் சொல்லுங்க, எங்க அக்கா பையன் ஒரு செடியில மட்டும் ஒம்பது எலைல பூச்சி எண்ணிட்டு ஊரு வந்து சேர்ற வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டு இருந்தான்.

பூவு தண்டோட உச்சியில இருக்கும், அஞ்சு இதழ், வெள்ளை, சில எடத்துல லேசா ரோஸ் கலரு. ஒரு காம்புல பல மொட்டு இருந்தாலும் பொதுவா ஒவ்வொண்ணா தான் திறக்கும். பூவுக்கு வர்ற பூச்சியும் பசையில மாட்டிக்கிச்சுன்னா விதைக்கு யாரு வருவாங்க, அதனால தான் பூவ எலைங்களுக்கு மேல தூக்கி வச்சிருக்குன்னு சொல்றவங்க உண்டு. யாரும் வரலன்னாலும் தன்னோட மகரந்தத்துலயே விதை புடிக்குற குணமும் இந்த குடும்பத்துல இருக்கு. விதை தூசி மாதிரி.

வேற ட்ரோசிராவா இருந்தா

இந்தியால மூணு ட்ரோசிரா தான் எல்லாரும் சொல்றது. தரையோட ஒட்டி கரண்டி மாதிரி எலையோட வட்டமா செவப்பா இருந்தா, தண்டே இல்லாம பூக்காம்பு மட்டும் நிமிந்து நின்னா, அது பர்மானி, சமவெளியிலயும் செம்மண் பூமிலயும் ஈர மணல்லயும் இருக்குறது, அதோட ஓரத்து முடிங்க விநாடிக்கணக்குல மடியும், ரொம்ப வேகம். புல்லு மாதிரி மெல்லிசா நீளமான எலை, பூவு ரோஸா இருந்தா இண்டிகா, அதுவும் சமவெளி தான். அது ரெண்டும் ஒரு மழக்காலத்தோட முடிஞ்சுபோற செடிங்க. தண்டு நிமிந்து, பிறை எலை, மேல் மலை, இது மூணும் இருந்தா பெல்டாட்டா. குழப்பம் வரவே வராது.

போட்டோ

இப்ப வர்ற போன்லயே மேக்ரோ மோட் இருக்கு, அது போதும். வெயில் செடிக்கு பின்னாடி இருக்கணும், பின்னாடி நெழலான எடமா அமையுற மாதிரி கோணம் பாருங்க, துளியெல்லாம் விளக்கு போட்ட மாதிரி எரியும். போன கையில புடிக்காம ஒரு கல்லு மேலயோ பை மேலயோ சாச்சு வச்சுட்டு டைமர்ல எடுங்க, காத்துல செடி ஆடிக்கிட்டே இருக்கும், பத்து எடுத்தா ஒண்ணு தேறும். முன்னாடி மறைக்குற புல்ல பிடுங்காதீங்க. இதோட தண்டு ரொம்ப ஒல்லி, பக்கத்து புல்லுல எலைய ஒட்டவச்சு அத புடிச்சுக்கிட்டு தான் பல செடி நிக்குது, அந்தப் புல்லு போனா அடுத்த மழையில சாஞ்சுடும். கூட வந்தவங்கள ஒரு குச்சிய வச்சு புல்ல மெல்ல ஒதுக்கி புடிச்சுக்கச் சொல்லி, எடுத்ததும் விட்டுடுங்க. செடிக்கு பக்கத்துல ஒரு ரூபா காசு வச்சு ஒரு படம், முழுச்செடி ஒரு படம், சுத்தி இருக்குற எடம் ஒரு படம், இந்த மூணும் இருந்தா தான் பின்னாடி யாராவது பாத்து பேர உறுதிப்படுத்த முடியும்.

எடுத்துட்டு வரலாமா

இத கேக்காத ஆளே இல்ல, அதனால கொஞ்சம் வெளக்கமா சொல்றேன். ரிசர்வ் ஃபாரஸ்ட்லருந்து செடி பிடுங்குறது 1882ம் வருஷத்து வனச் சட்டப்படியே குத்தம், தேசியப் பூங்கான்னா அதவிட பெரிய குத்தம். சட்டத்த விடுங்க, கொண்டு வந்தா அது பொழைக்காது. நான் ஒருத்தரோட வீட்டு மாடியில பாத்தேன், கொடைக்கானல்லருந்து நாலு செடிய மண்ணோட பேத்து ஐஸ்க்ரீம் டப்பால கொண்டு வந்து வச்சிருந்தாரு, குழாத்தண்ணி ஊத்தி, மண்புழு உரம் வேற போட்டு, ஆசையா தான் வளத்தாரு, பத்தே நாள்ல துளியெல்லாம் வத்தி எலை கருத்து போச்சு. குழாத்தண்ணில இருக்குற உப்பும், அந்த உரமும், நம்ம ஊரு ராத்திரி சூடும் சேந்து கிழங்க அழுக வச்சிடுச்சு. அவரு மனசு ரொம்ப சங்கடப்பட்டாரு, அதுக்கப்புறம் அவரு தான் மத்தவங்கள தடுக்குறாரு.

இன்னொரு கூட்டம் மருந்துக்குன்னு பிடுங்குது. தங்க பஸ்பம் பண்றதுல இந்தச் செடிய சேக்குறதா வைத்திய நூல்கள்ல இருக்கு, ஆயுச நீட்டும்னு சொல்ற கற்ப மூலிகைன்னு பேரும் இருக்கு, அது ஒரு மரபு, அதுக்கு நான் மரியாத வச்சிருக்கேன். ஆனா இப்ப வீடியோ போட்டு, வசியம் பண்ணும், காசு கொட்டும்னு சொல்லி காஞ்ச செடிய பொட்டலம் கட்டி விக்குறாங்க, அது என்னால தாங்கவே முடியல. ஒரு பொட்டலத்துக்கு எத்தன கிழங்கு போகும். ஒரு கசிவுல மொத்தமே முப்பது நாப்பது செடி தான் இருக்கும், ஒரு ஆளு ஒரு மத்தியானத்துல எல்லாத்தையும் சுருட்டிடலாம், அந்தக் கசிவுக்கு பக்கத்துக் கசிவுலருந்து விதை வந்து சேர எத்தன வருஷம் ஆகும்னு யாருக்குத் தெரியும். ஏற்கனவே அந்தப் புல்வெளி சுருங்கிக்கிட்டு வருது. யூக்கலிப்டஸ் 1843லயே நீலகிரிக்கு வந்துடுச்சு, சீகை மரமும் அந்த நூற்றாண்டுல வெறகுக்கும் தோல் பதனிடுற பட்டைக்குமா கொண்டு வந்தது தான், இப்ப சீகை யாரும் நடாமலே புல்வெளிக்குள்ள ஏறிக்கிட்டு போகுது, அது வந்த எடத்துல நெழல் விழுந்துடும், கசிவும் வத்திடும். நான் முதல் முதலா பாத்த அந்த எடத்துக்கு மேல இப்ப ஆளுயர சீகை நிக்குது, போன தடவ எண்ணுனப்ப ஆறு செடி தான்.

வீட்ல வளக்கணும்னு உண்மையாவே ஆச இருந்தா அதுக்கு நேர்மையான வழி இருக்கு. விதையிலருந்தோ டிஷ்யூ கல்ச்சர்லருந்தோ வளத்த ட்ரோசிராவ விக்குற ஆளுங்க இருக்காங்க, பர்மானியோ தென்னாப்பிரிக்கால இருந்து வந்த கேப்பென்சிஸோ கேட்டு வாங்குங்க, ரெண்டும் கிழங்கு இல்லாத ரகம், நம்ம ஊருக்கு ஒத்து வரும். காட்டுலருந்து எடுத்ததா வளத்ததான்னு கேளுங்க, பதில் சொல்ல தயங்குனா வாங்காதீங்க. மண்ணுக்கு பீட் மாஸும் கழுவுன ஆத்து மணலும் பாதிக்கு பாதி. பீட் மாஸ் கெடைக்கலன்னா தேங்காநார்க் கழிவு, ஆனா அதுல உப்பு இருக்கும், நாலஞ்சு தடவ ஊறவச்சு பிழிஞ்சு கழுவிட்டு தான் போடணும். தொட்டிய ஒரு தட்டுல வச்சு தட்டுல ரெண்டு விரக்கட தண்ணி எப்பவும் நிக்கட்டும், மழத்தண்ணி தான் நல்லது, இல்லன்னா ஆர்ஓ தண்ணி, தண்ணில எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் மீட்டர் வச்சு பாத்தா அம்பதுக்கு கீழ இருக்கணும். உரம் ஒரு சொட்டு கூட கூடாது. காலை வெயில் நாலு மணி நேரமாவது விழணும், வெயில் பத்தலன்னா எலை பச்சையாவே இருந்துட்டு துளி வராது. பூச்சி அதுவே புடிச்சுக்கும்.

எடத்த யாருக்கு சொல்றது

படத்த போடுங்க, எல்லாரும் பாக்கட்டும், ஆனா எடத்த அப்படியே போடாதீங்க. போன் படத்துக்குள்ள லொகேஷன் தானா பதிஞ்சிருக்கும், அனுப்புறதுக்கு முன்னாடி அத எடுத்துடுங்க. பாத்த செடி விலங்கையெல்லாம் படத்தோட பதியுற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல ஏத்துறதா இருந்தா, அது ரொம்ப நல்ல விஷயம், ஜியோப்ரைவசிங்கற எடத்துல மறைச்சு காட்டுன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு, அத போட்டா பொதுவா பாக்குறவங்களுக்கு தோராயமான பகுதி மட்டும் தான் தெரியும். தேதி, எத்தன செடி, எத்தன பூவு, பக்கத்துல சீகை கன்னு இருக்கான்னு நாலு வரி எழுதிடுங்க. அடுத்த வருஷம் அதே வாரத்துல போயி மறுபடி எண்ணுங்க. என்கிட்ட பத்து வருஷத்து நோட்டு இருக்கு, அதனால தான் ஆறு செடின்னு அடிச்சு சொல்ல முடியுது.

திரும்பும்போது வந்த தடத்துலயே கால வச்சு வாங்க. தார் ரோட்டுக்கு வந்ததும் ஒரு குச்சி எடுத்து ஷூ அடியில இருக்குற சேத்த முழுசா சுரண்டி அங்கயே ரோட்டோரம் தட்டிடுங்க, அடுத்த புல்வெளிக்கு போறதுக்கு முன்னாடி இது கட்டாயம். களை விதையெல்லாம் அந்தச் சேத்துல தான் ஒட்டிக்கிட்டு மலைக்கு மலை பயணம் போகுது.